சொந்தக் கம்பெனியா, பெரிய லேபிளா?

காட்பாடி, ஆற்காடு பக்கம் சொந்தமாகப் பாட்டுப் போடும் பசங்க பலருக்கும் இந்தக் குழப்பம்தான்: பாட்டைச் சொந்தக் கம்பெனி வைத்து வெளியிடுவதா, பெரிய லேபிளிடம் (பாட்டு வெளியிடும் இசைக் கம்பெனியிடம்) கொடுப்பதா?

செலவு: சொந்தம் என்றால் ஒலிப்பதிவு, மிக்சிங், வீடியோ எல்லாம் நம் கைக்காசு. லேபிள் பணம் போட்டால், பெரும்பாலும் அதைப் பாட்டின் வருமானத்தில் முதலில் கழித்துக்கொள்ளும்.

உரிமை: இதில்தான் நிதானம் வேண்டும். எழுதிக்கொடுத்துவிட்டால் ஒலிப்பதிவு லேபிளுடையது, நம் சட்டத்தில் அந்த உரிமை 60 ஆண்டு நீடிக்கும்; இசையமைத்தவர், பாட்டெழுதியவர் ராயல்டியை மட்டும் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 2012 திருத்தம் காப்பாற்றுகிறது, அதனால் எந்த வழியில் போனாலும், அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்துவிடுங்கள்.

வளர்ச்சி: சொந்தம் மெதுவுதான். கொரிய இசையமைப்பாளர் பாங் சி-ஹ்யூக் பிக் ஹிட் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியது 2005, அதன் புகழ்பெற்ற பாட்டுக்குழு பிடிஎஸ் வந்தது 2013, கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது 2020.

திருவிழா, கல்யாணக் கச்சேரி வருமானம் இருக்கிற குழுவுக்குச் சொந்தக் கம்பெனி சரி. ஒரு பாட்டு சீக்கிரம் பரவணும் என்றால் லேபிள், ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.