“தட்டாமல் சாப்பிடும்” என்று சொல்லி விற்ற பாம்பு

பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்பை வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

“வாரம் ஒரு எலி, தட்டாமல் விழுங்கும்” என்று சொல்லித்தான் பாம்பு விற்பவர் ஒருவர் எனக்கு ஒரு குட்டியை விற்றார். ஐந்து வாரமாகியும் அது இரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவரிடமே போய்க் கேட்டேன். பசியைத் தூண்டும் என்று ஒரு சொட்டு மருந்தை விற்றார். அது பலிக்கவில்லை என்றதும், வாயைத் திறந்து எலியைத் திணிக்கச் சொன்னார். திணித்தேன். மறுநாளே கக்கிவிட்டது. அடுத்து, உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார். காலையில் பார்த்தால் பாம்பின் முதுகில் மூன்று இடத்தில் கடி. ஓரிடத்தில் சதையே தெரிந்தது. பாம்பு பிடிக்காவிட்டால் எலி திருப்பிக் கடிக்கும் என்பது, பாம்பு விற்றுப் பிழைப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

காயத்துக்கு மருந்து போட்ட கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்டிக்குள் சூடு எவ்வளவு?” விற்றவர் கொடுத்த, கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி 32 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்தது. ஒயர் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். 26! பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது போதாவிட்டால் தின்றது செரிக்காது. நான் திணித்த எலியை அது ஏன் கக்கியது என்று அப்போதுதான் புரிந்தது.

சூடான பக்கம் 31–32, குளிர்ந்த பக்கம் 25–27 என்று, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்துச் சரிசெய்தேன். உடம்பு இறுக்கமாக அடங்கும் அளவில் பக்கத்துக்கு ஒரு மறைவிடம் வைத்தேன். கக்கிய வயிறு ஆற இரண்டு வாரம் கையால் தொடவே இல்லை. பிறகு, உறையவைத்த சுண்டெலியை ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, வெந்நீரில் சூடாக்கி, விளக்கை அணைத்தபின் இடுக்கியில் பிடித்து மறைவிடத்தின் வாசலில் காட்டினேன். இந்தப் பாம்புக்கு உதட்டோரக் குழிகளில் சூட்டை உணரும் திறன் உண்டு. ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே படாது. மூன்றாவது முயற்சியில் பாய்ந்து பிடித்தது.

பட்டினி என்றதும் பதறாதீர்கள். சட்டை உரிக்கும் நாட்களில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில்கூட இரை எடுக்காமல் இருக்கும். தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். அந்தப் பதற்றத்தைக் காசாக்கத்தான் சொட்டு மருந்து விற்கிறார்கள்.

வாங்கும்போது உங்கள் கண்ணெதிரே ஒரு முறை இரை கொடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எதைத் தின்றது, அது உயிருள்ளதா உறையவைத்ததா, எடை எவ்வளவு என்ற குறிப்பைக் கேளுங்கள். நான் கேட்டபோது “நோட்டு வீட்டில் இருக்கிறது” என்றார். இன்றுவரை அந்த நோட்டு வரவில்லை. கடிபட்ட படத்தை அனுப்பியதும் என் எண்ணை முடக்கிவிட்டார்.

பாம்பு இரண்டு முறை சட்டை உரித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனால் அந்த மூன்று இடத்திலும் செதில்கள் கோணலாகத்தான் முளைத்திருக்கின்றன.