அசல் 3310, 1100, மறுவரவு 3310, புதிய 3210: பழைய போன் ஆசைக்கு எது பொருந்தும்?

பட்டன் போன் ஒன்றை மறுபடியும் கையில் எடுக்க நினைப்பவர்களுக்கு நோக்கியா பெயரில் மட்டும் நான்கு வழிகள் இருக்கின்றன. 2000-இல் வந்த அசல் 3310, 2003-இல் வந்த 1100, 2017-இல் எச்எம்டி நிறுவனம் பழைய பெயரிலேயே கொண்டுவந்த 3310, 2024-இல் 4ஜியோடு வந்த 3210. எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், உங்கள் பகுதியில் 2ஜி டவர் இன்னும் இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏனென்றால் முதல் மூன்றும் 2ஜி மட்டுமே பிடிக்கும் (2017 மாடலின் 3ஜி வடிவம் பிறகுதான் வந்தது). அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2017 தொடக்கத்திலேயே 2ஜியை நிறுத்திவிட்டது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரலில் மூன்று நிறுவனங்களும் நிறுத்தின. தொடக்கத்திலிருந்தே 4ஜி மட்டும் தரும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் சிம்மை இந்தப் போன்களில் போட்டால் ஒரு கோடு சிக்னல்கூட வராது. சோதிப்பது எளிது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் நெட்வொர்க் அமைப்புக்குள் '2ஜி மட்டும்' என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டு, வீட்டின் உள்ளறையில் நின்று ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். பேச முடியவில்லை என்றால் மூன்று போன்களும் உங்களுக்கு அலமாரிப் பொருள்தான்.

அசல் 3310-ஆ, 1100-ஆ?

பலருக்கும் மனது 3310 பக்கம் சாயும். 133 கிராம் எடை, உள்ளங்கையில் நிறைந்து உட்காரும் வளைவு, பாம்பு விளையாட்டின் இரண்டாம் வடிவம், ஸ்பேஸ் இம்பாக்ட், நாமே ரிங்டோன் இசையமைக்கும் கம்போசர். 84-க்கு 48 புள்ளிகளே கொண்ட திரையில் இத்தனையும் செய்து காட்டியது பெரிய சாதனை. ஆனால் தினசரி உபயோகத்துக்கு என்று வந்தால் என் ஓட்டு 1100-க்கே. முக்கியக் காரணம் பேட்டரி.

3310-உடன் வந்தது பிஎம்சி-3 என்ற 900 எம்ஏஎச் நிக்கல் பேட்டரி. இத்தனை ஆண்டு கழித்துக் கிடைப்பவை பெரும்பாலும் செத்தவை. முழு சார்ஜ் காட்டிவிட்டு, அழைப்பை எடுத்த நொடியில் அணையும். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை துடிப்புத் துடிப்பாக அலை வீசும். அந்தத் துடிப்பின்போது முதுமையடைந்த செல்லின் மின்னழுத்தம் சட்டென்று விழுவதுதான் இதற்குக் காரணம். பிஎல்சி-2 என்ற லித்தியம் பேட்டரியும் இதற்குப் பொருந்தும், எடையும் குறையும். ஆனால் இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை போலி.

1100-க்கு பிஎல்-5சி. ரேடியோ, சிறிய ஸ்பீக்கர் என்று எத்தனையோ கருவிகளில் இதே பேட்டரி போவதால் இன்னும் புதிதாகத் தயாராகிறது. நல்ல பிஎல்-5சி 1,000 எம்ஏஎச்-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த அளவு பேட்டரியில் 3,000 என்று அச்சடித்திருந்தால் அது பொய், வாங்காதீர்கள். பழைய பேட்டரி கையில் இருந்தால் மேசையில் படுக்கவைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம்போலச் சுழன்றால் வயிறு உப்பிவிட்டது என்று பொருள். அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

எண்கள் சேமிப்பதிலும் 1100 முந்துகிறது. 3310-க்குச் சொந்த முகவரிப் புத்தகமே இல்லை, எல்லாம் சிம்மில்தான். ஸ்மார்ட்போனிலிருந்து சிம்முக்கு நகலெடுக்கும்போது நீளமான பெயர்களின் வால் வெட்டுப்படும், ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டு பதிவாகும். 1100 தன் நினைவகத்தில் 50 பேரை வைத்துக்கொள்ளும். தூசு புகாத ஒரே துண்டு ரப்பர் கீபேட், 'சி' பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரியும் டார்ச், 86 கிராம் எடை. 25 கோடிக்கு மேல் விற்றது சும்மா இல்லை. கைக்குள் இருக்கும் கனமும் அந்தப் பொத்தான் அழுத்தமும்தான் வேண்டும் என்றால் மட்டும் 3310.

எதை வாங்கினாலும் கடையிலேயே சில சோதனைகள் செய்யுங்கள். *#06# போட்டு வரும் எண்ணும் பேட்டரிக்கு அடியில் ஒட்டியுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். *#0000# போட்டால் மென்பொருள் பதிப்போடு மாடல் குறியீடு வரும்: 3310-க்கு என்எச்எம்-5, 1100-க்கு ஆர்எச்-18. 'புத்தம் புதிது' என்று விற்பவை பெரும்பாலும் பழைய போர்டுக்குப் புதிய போலிப் பேனல் மாட்டியவை. பேனலைப் பார்த்து ஏமாறாமல், சிம் போட்டு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். 3310-இல் அடிக்கடி வரும் நோய் சிக்னல் இழப்பு. பல தடவை விழுந்ததில் ரேடியோ சிப்புக்கு அடியிலுள்ள சால்டர் விரிசல் விட்டிருக்கும். போனை லேசாக முறுக்கும்போது சிக்னல் வந்து வந்து போனால் விட்டுவிடுங்கள். திரையில் கோடுகள் மறைவதும் பொத்தான் திணறுவதும் பயப்படும் விஷயமல்ல. பேனலைக் கழற்றி, டார்க்ஸ் டி6 திருப்புளியால் திருகுகளை எடுத்து, தொடுபுள்ளிகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

சார்ஜர் இரண்டுக்கும் தடித்த 3.5 மில்லிமீட்டர் பின். வீட்டில் இருப்பது பிற்கால மெல்லிய பின் நோக்கியா சார்ஜர் என்றால், அதைத் தடித்த பின்னாக மாற்றும் குட்டி அடாப்டர் தேவை. நானோ சிம்முக்கும் பெரிய அளவு சட்டம் வேண்டும். சட்டத்தில் சிம் தளர்வாக நின்றால் 'சிம் செருகவும்' என்றே கேட்டுக்கொண்டிருக்கும்; பின்புறம் மெல்லிய டேப் ஒட்டுங்கள்.

2017-இன் 3310

இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 2.4 அங்குல வண்ணத்திரை, 1,200 எம்ஏஎச் பேட்டரி, 22 மணி நேரப் பேச்சு என்று காகிதத்தில் அழகாக இருக்கிறது. 80 கிராம்கூட இல்லாத எடையில் பழைய 3310-இன் உறுதி கைக்குத் தெரிவதில்லை. பொத்தான்கள் சிறியவை, பாம்பும் வண்ணத்தில் வேறு விளையாட்டாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு 2ஜி மட்டுமே என்பதால், அசலுக்கு உள்ள அதே ஆயுள் குறைவு இதற்கும் உண்டு. ஹெட்போன் துளையும் மெமரி கார்டு இடமும் இருப்பதால் பாட்டுப் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

2024-இன் 3210

தினமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக இதுதான். 4ஜி, 1,450 எம்ஏஎச் பேட்டரி, டைப்-சி சார்ஜிங், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், அழைப்பு வருமுன் பழைய போன்கள் எழுப்பும் அந்தக் கரகரப்பு இதன் 4ஜி அழைப்பில் கேட்காது. நொடிக்கு 217 முறை துடிக்கும் 2ஜி அலைதான் அதை உண்டாக்கியது. வாட்ஸ்அப் கிடையாது, வைஃபையும் கிடையாது. கேமரா 2 மெகாபிக்சல். ஒரு ரசீதைப் படம் எடுக்கக்கூட வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் 4ஜி என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். பழைய டவர்கள் மூடிய இடத்தில் அழைப்பு போக வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி, வேலை செய்தாக வேண்டும். சில நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த மாடல்களுக்கு மட்டுமே அதைத் திறக்கின்றன. அங்கீகாரம் இல்லாவிட்டால் இணையம் வரும், அழைப்பு போகாது. உங்கள் சிம்மைப் போட்டு, அமைப்பில் வோல்ட்இயை இயக்கி, அழைப்பின்போதும் திரையில் 4ஜி குறி மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.