விளக்கை எண்ணலாமா, கம்பியைக் கவ்வலாமா?

வீட்டு மின்செலவை வைஃபையில் நாமே கண்காணிக்க இரண்டு மலிவான வழிகள். இரண்டுக்கும் இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை ஒன்று போதும்.

ஒன்று, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு எல்ஈடியை ஒளி உணரியால் எண்ணுவது. மீட்டர் முகப்பில் யூனிட்டுக்கு (1000 வாட்-மணி) 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், ஒரு சிமிட்டல் 0.3125 வாட்-மணி. 1000 வாட் இஸ்திரிப்பெட்டி மட்டும் ஓடினால் 1.125 நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். மீட்டரின் சொந்தக் கணக்கையே எண்ணுவதால் பில்லோடு ஒட்டியே வரும். மீட்டரின் முத்திரையையோ கம்பியையோ தொட வேண்டியதில்லை. வெளி வெளிச்சம் புகாமல் உணரியை மூடும் கறுப்பு டேப்பை மட்டும் நன்றாக ஒட்டுங்கள். என் டேப் ஓரம் பெயர்ந்த அன்று, காலை வெயிலையும் சேர்த்து எண்ணிவைத்தது!

இன்னொன்று, எஸ்சிடி-013 கவ்வி: கம்பியைச் சுற்றி மாட்டி, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் உணரி. ஏசிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனியாக மாட்டலாம். எது மின்சாரத்தைக் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு கம்பியைத்தான் கவ்வ வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும், திரையில் பூஜ்யம்தான். தவிர, இது மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். 230 வோல்ட் என்று வைத்துப் பெருக்கினால், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) குறைவான மோட்டாருக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். டிபி பெட்டிக்குள் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பெட்டி) மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுமா என்பதுதான் கவலை என்றால், என் ஓட்டு எல்ஈடிக்கே. மீட்டர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தால், பலகையை வெளியே வைத்து உணரிக்கு மட்டும் வயர் இழுங்கள்; உள்ளே வைஃபை எட்டாது.