ஹாங்காங் கான்டனீஸ் உணவகம்: காலை டிம் சம்மா, இரவுச் சாப்பாடா?

அக்கா கோவையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறாள். பட்டன், லேஸ், பாசிமணி வாங்குவதற்காக நானும் அவளும் நான்கு நாள் ஹாங்காங் போய் வந்தோம். ஷாம் ஷூய் போ வட்டாரத்தில் கீ லுங் தெருவில் துணியும் பட்டனும், பக்கத்திலேயே யூ சௌ தெருவில் மணி வகைகளும் கடை கடையாகக் கிடைக்கின்றன. நாள் முழுக்க நடை, கை நிறையப் பை. அதனால் ஒரு வேளையாவது நிதானமாக உட்கார்ந்து, தென் சீனச் சமையலான கான்டனீஸ் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். எந்த வேளை என்பதில்தான் குழப்பம்.

அங்கே பெரிய கான்டனீஸ் உணவகங்களில் பகலுக்கு ஒரு சாப்பாடு, இரவுக்கு வேறு சாப்பாடு. காலையிலிருந்து பிற்பகல் வரை யும் சா. தேநீர் குடிப்பது என்று பொருள். அந்தத் தேநீரோடு மூங்கில் கூடைகளில் வரும் சின்னப் பலகாரங்கள்தான் டிம் சம். பொழுது சாய்ந்தால் அதே மேசைக்கு முழு மீன், கோழி, கீரை, சூப் என்று பெரிய தட்டுகள் வரும். நாங்கள் மூன்று நாள் காலையில் யும் சா போனோம், ஒரு நாள் இரவுச் சாப்பாடு. என் ஓட்டு காலைக்கு. இரவைப் பற்றி நான் சொல்வது ஒரே ஒரு அனுபவத்தை வைத்துத்தான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு எளிது. பெரும்பாலான கடைகள் பத்து, பதினொரு மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை. மாங்காக்கில் இருக்கும் லேடீஸ் மார்க்கெட் என்ற தெருச் சந்தை களைகட்டவே நண்பகல் தாண்டிவிடும். காலையில் எப்படியும் சும்மாதான் இருப்போம், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கலாம். இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சந்தையில் கூட்டமும் பேரமும் சூடாக இருக்கும் நேரம் போய்விடுகிறது.

ஆனால் என்னைக் காலைப் பக்கம் முழுசாகச் சாய்த்தது பில்தான். பில் பெரியது, சிறியது என்பதைவிட, எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

காலையில் மேசைக்கு ஒரு சீட்டு வரும். பலகாரங்கள் பட்டியலாக இருக்கும், வேண்டியதற்கு நேராகப் பென்சிலால் குறிக்க வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று வகைக்கு ஒரு விலை. பல இடங்களில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் விலை இன்னும் குறைவு. இதற்கு மேல் எங்களுக்கு வந்தது இரண்டே சேர்க்கை: தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம், மொத்தத்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது, அதனால் வரி எதுவும் ஏறாது. நாங்கள் இரண்டு பேர் ஆறு கூடை சாப்பிட்ட நாளில் 244 ஹாங்காங் டாலர் ஆனது, நம் பணத்தில் சுமார் 2,700 ரூபாய். சீட்டில் குறிக்கும்போதே அக்கா மனக்கணக்காகப் போட்ட தொகைக்கும் பில்லுக்கும் ஐந்து டாலர் வித்தியாசம்கூட இல்லை.

இரவு அப்படி இல்லை. உயிர் மீனுக்கு விலை எடையில். அந்த எடை கிலோவும் இல்லை, கிராமும் இல்லை. டேல், கேட்டி என்ற பழைய அளவுகள். ஒரு டேல் 37.8 கிராம், 16 டேல் ஒரு கேட்டி, அதாவது ஏறக்குறைய 605 கிராம். அங்கே நாங்கள் பார்த்த நகைக்கடைப் பலகைகளில் தங்கத்துக்கும் டேல் கணக்கில்தான் விலை போட்டிருந்தார்கள். நேதன் ரோட்டில் அதை நின்று பார்த்து, எத்தனை பவுன் வரும் என்று அக்கா என்னிடம் கேட்டும் இருந்தாள். டேல் கணக்கு மீனுக்கும் வரும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் போன உணவகத்தின் மெனுவில் களவா மீனுக்கு நேராக 48 என்று இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சீன எழுத்து. மீனுக்கு 48 டாலர் என்றால் பரவாயில்லையே என்று சொன்னோம். பணியாளர் பிளாஸ்டிக் கூடையில் மீனை உயிரோடு கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் சொட்ட அது வாலை அடித்துக்கொண்டிருந்தது. ‘நல்ல மீன்டி’ என்றாள் அக்கா. இருவரும் தலையை ஆட்டினோம். அந்தத் தலையாட்டல்தான் எடைக்கும் விலைக்கும் சம்மதம் என்பது பில் வந்த பிறகுதான் விளங்கியது. மெனுவில் இருந்த அந்த ஒற்றை எழுத்து டேலைக் குறித்தது: 20 டேல் மீன், டேலுக்கு 48, மீன் மட்டும் 960 டாலர். அரைக் கோழி, கீரை, சோறு, தலைக்குத் தேநீர், கேட்காமலே மேசையில் வைத்த வேர்க்கடலை, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,463. ஏறக்குறைய 16,000 ரூபாய். அன்று பகலெல்லாம் அலைந்து வாங்கிய லேஸ் மொத்தமும் அந்த அளவுக்கு வரவில்லை. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த ஊர் வழக்கம் அது. ஆனால் வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ருசியில் இரவைக் குறை சொல்ல முடியாது. மசாலா ஒரு துளி இல்லாமல் ஆவியில் வெந்த மீன், மேலே மெல்லிதாகச் சீவிய இஞ்சியும் வெங்காயத் தாளும், அதன்மேல் சுடச்சுட எண்ணெய் ஊற்றி, லேசாக இனிக்கும் சோயா சாஸ். முள்ளை விட்டுச் சதை தானாகக் கழன்று வந்தது. அன்றைக்குப் பிடித்த மீனைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

காலைச் சாப்பாட்டில் இன்னொரு வசதி, பிடிக்காததைக் கூடை கூடையாக ஒதுக்கலாம். அக்கா பன்றியும் மாடும் சாப்பிட மாட்டாள். அவளுக்கு ஹர் காவ் என்ற இறால் கொழுக்கட்டையும், இறால் வைத்த சோங் ஃபன்னும் போதுமாக இருந்தன. சோங் ஃபன் என்பது அரிசி மாவுக் கரைசலை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டுவது. நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். ஹர் காவின் மேல்தோல் வெந்த பிறகு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இளஞ்சிவப்பாக இறால் தெரியும். அதன் மடிப்புகளைச் சாப்ஸ்டிக் முனையால் தொட்டுத் தொட்டு அக்கா எண்ணினாள். பதினொன்று. ‘கையால இவ்வளவு சீரா ஃப்ரில் வைக்க எங்கிட்ட ஒரு ஆள் இல்ல’ என்று அந்தக் கூடையை என் பக்கம் தள்ளவே இல்லை. ஏழு மடிப்பாவது இருக்க வேண்டும், பத்துக்கு மேல் இருந்தால் கை தேர்ந்த சமையல்காரர் என்பது அங்கத்திய கணக்கு.

ஒரு எச்சரிக்கை. சியூ மாய் என்ற இன்னொரு கொழுக்கட்டையில் இறால் மேலே தெரிந்தாலும் உள்ளே பன்றி உண்டு. முள்ளங்கிக் கேக்கிலும் பன்றி சாசேஜ் துண்டு கிடக்கும். ஹர் காவிலேயே சில சமையலறைகளில் மிருதுவாக இருப்பதற்காகப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம். சுத்த சைவக்காரர்களுக்கு இரண்டு வேளையுமே சிரமம்.

தேநீருக்கு மல்லிகை மணம் போட்ட ஹோங் பின் கேளுங்கள். கெட்டில் காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் வந்துவிடும். ஊற்றுபவருக்கு நன்றி சொல்ல மேசையில் இரண்டு விரலால் தட்டினால் போதும். இரண்டாம் நாளே அக்காவுக்கு இது கைவந்துவிட்டது.

அடுத்த முறை அண்ணன் குடும்பத்தோடு ஆறு பேராகப் போவதாக இருக்கிறது. ஆறு பேர் என்றால் பெரிய மேசை, பெரிய தட்டு, பில்லும் பிரிந்துவிடும். இரவுச் சாப்பாட்டை அப்போது ஒருமுறை திரும்பப் பார்க்கலாம் என்கிறாள் அக்கா. சரி என்று சொல்லியிருக்கிறேன். மீன் கூடை வந்ததும், எத்தனை டேல், டேலுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டுத்தான் தலையாட்டுவோம்.