முன்காசு வாங்கிய பழைய மொத்தக்கடை: 4 லட்சத்து 85 ஆயிரம் போனது, ஒரு கிலோ செத்தல் மிளகாயும் வரவில்லை

கொழும்பில் வீட்டில் வைத்துத் தூள் செய்து விற்கிறவர்கள், சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர்கள், புறக்கோட்டையில் மொத்தமாகப் பலசரக்கு எடுக்கிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். எனக்குப் பல வருடமாகச் சாமான் தந்த ஒரு மொத்தக்கடைக்காரர் என்னிடம் 485,000 ரூபாய் வாங்கிவிட்டு ஒரு மூட்டைகூட இறக்கவில்லை. காசையும் திருப்பித் தரவில்லை. கடைசியில் அவர் எழுதித் தந்த செக், கணக்கு மூடப்பட்டது என்ற குறிப்போடு நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். செத்தல், மல்லி, சீரகம் இறக்குமதி செய்து மொத்தமாக விற்கிற புறக்கோட்டைக் கடை ஒன்று. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

நான் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வறுத்து இடித்து விற்கிறேன். வறுக்கிறதற்கு என்னோடு இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். எனக்குப் பெரிய வியாபாரம் ஜூலையும் ஓகஸ்டும்தான். கனடா, லண்டன், சுவிஸ் சனம் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்கு வந்து, நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டு, திரும்பிப் போக முன்னம் கொழும்பில் ஒன்றிரண்டு நாள் நிற்பார்கள். அப்போது ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பெட்டிக்குள் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு மாதத்து உழைப்பில்தான் வருடத்தின் மிச்ச மாதங்கள் ஓடும். அதற்குரிய செத்தலும் மல்லியும் ஜூன் மாதமே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். முதல் தடவை அவருடைய கடைக்குப் போனபோது, நான் காட்டிய மூட்டைக்குள் கையை விட்டு ஒரு செத்தலை எடுத்தார். காம்பை முறித்து, விதையை உள்ளங்கையில் கொட்டி, மணந்து பார்த்தார். “இது ஈரம் பிடிச்சது தங்கச்சி, தூளுக்கு எடுக்காதேங்கோ, உங்கட பேர்தான் கெட்டுப்போகும்” என்று சொல்லிவிட்டு உள்ளே இருந்து வேறு மூட்டையை எடுத்துத் தந்தார். தன்னுடைய சாமானையே வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை யார் நம்பாமல் விடுவார்கள்?

அதை விடப் பெரியது 2022. அந்த வருடம் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டொலர் இல்லை, வங்கிகள் எல்சி (இறக்குமதிச் சாமானுக்குக் காசு தருவதாக வங்கி கொடுக்கிற உத்தரவாதக் கடிதம்) திறக்கவில்லை, சாப்பாட்டுச் சாமான் கண்டெய்னர்கள் எடுக்க வழியில்லாமல் ஹாபரில் கிடந்தன. நம்முடைய செத்தல் பெரும்பாலும் இந்தியாவில் இருந்துதான் வருகிறது, அதனால் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறியது. அப்போது இவர் எனக்குக் கடனுக்குச் சாமான் தந்தார். நானும் ஒரு சதம் மிச்சம் வைக்காமல் கட்டி முடித்தேன். எங்களுக்குள் இருந்த வழக்கம் இதுதான்: லொறி வந்து மூட்டை இறங்கும், தராசில் போட்டுப் பார்ப்பேன், அதற்குப் பிறகு காசு போகும். கார்பன் வைத்து எழுதிய பில் கையில் இருக்கும். அவர் ஒருநாளும் முன்காசு கேட்டதில்லை.

இந்த ஜூன் மாதம் அவரே போன் எடுத்தார். “தங்கச்சி, குண்டூர்ச் செத்தல் ஒரு கண்டெய்னர் வந்து ஹாபரில நிக்குது. வரி கட்டி எடுக்கக் கொஞ்சக் காசு முட்டுப்படுது, டெமரேஜ் ஓடிக்கொண்டிருக்கு. பழைய ஆக்கள் நாலு பேருக்கு மட்டும் கிலோ 800க்குத் தாறன். வெளியில வந்தால் இந்த விலைக்கு ஒருத்தருக்கும் இல்லை.” டெமரேஜ் என்றால் கண்டெய்னரை நேரத்துக்கு எடுக்காமல் விட்டால் ஏறுகிற தண்டக் காசு. செத்தல் 400 கிலோ, அது 320,000. மல்லி 300 கிலோ, கிலோ 400 படி 120,000. பெருஞ்சீரகம் 60 கிலோ, கிலோ 750 படி 45,000. மொத்தம் 485,000. வட்ஸ்அப்பில் அவரே கூட்டி எழுதி அனுப்பிய கணக்கு இது.

வழக்கமாகப் போடுகிற கம்பனிக் கணக்கு இலக்கத்தை அவர் தரவில்லை. “அது ஓவர் டிராஃப்டில கிடக்கு, அதில விழுந்தால் வங்கி பிடிச்சிடும். மனிசியின்ர கணக்குக்குப் போடுங்கோ. வெள்ளிக்கிழமை லொறி உங்கட வாசலில நிக்கும்” என்றார். ஏன் அண்ணை இப்படி என்று நான் இழுத்தேன். அதற்கு அவர் கேட்டது: “என்னை உங்களுக்கு இண்டைக்கோ தெரியும்?”

2022ல் எனக்குக் கடன் தந்த மனிசன் கேட்கிறார். அவருக்கு முட்டுப்பாடு வந்திருக்கிற நேரம் கையை விரிக்கிறதா? சீட்டு எடுத்து வைத்திருந்த 3 லட்சத்தையும், வியாபாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த 185,000 ரூபாயையும் சேர்த்து அன்று பின்னேரமே போட்டேன். காசு போன நிமிடமே அவரிடம் இருந்து குரல் பதிவு வந்தது. “கிடைச்சுது தங்கச்சி, இந்த உதவியை மறக்கமாட்டன்.” அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. பொலிசிலும் போட்டுக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை லொறி வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த சாட்டுகளைக் கேளுங்கள். முதலில், சாம்பிள் அஃப்ளடொக்சின் டெஸ்டுக்குப் போயிருக்கு, ரிப்போர்ட் வந்தால்தான் விடுவார்கள் என்றார். செத்தலில் பூஞ்சணம் பிடித்தால் வருகிற நஞ்சு அது. இறக்குமதியாகிற செத்தலை அதற்காகச் சோதிக்கிறது உண்மை, தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உண்மையாக நடக்கிற ஒன்றை எடுத்துத்தான் பொய்யைச் சோடித்தார். அடுத்த கிழமை போயா லீவு வந்தது, ஒபிஸ் பூட்டு. பிறகு ஒருகொடவத்தை யார்டில் கண்டெய்னர்கள் கியூவில் நிற்குது. பிறகு லொறிக்காரனின் வீட்டில் மரணச் சடங்கு. பிறகு போனைக் கடைப்பொடியன் எடுப்பான், “முதலாளி இந்தியாவுக்குப் போயிட்டார்” என்பான். அதே நேரம் முதலாளியின் வட்ஸ்அப்பில் நீலச் சரி விழுந்துகொண்டிருக்கும்.

நான் விடாமல் கேட்கவே ஒரு படம் அனுப்பினார். சணல் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கு, மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. “உங்கட சாமான், நாளைக்கு ஏத்துறம்.” இரண்டு கிழமைக்குப் பிறகு, கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவர் தன் போனைத் திறந்து காட்டினார். அதே மூட்டை, அதே நீலக் கதிரை. அவருக்கும் “உங்கட சாமான்” என்றுதான் அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு படம், வார்ஃப் ஆட்கள் கஸ்டெக் என்று சொல்கிற சுங்கப் பிரகடனப் பத்திரம். மேல் மூலையை விரலால் மறைத்து எடுத்திருந்தார். வார்ஃப் கிளார்க் வேலை பார்க்கிற சொந்தக்காரப் பொடியனிடம் காட்டினேன். அவன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது போன வருசத்துத் திகதி, இறக்குமதி செய்தவரின்ர இடத்தில வேற கம்பனி கிடக்கு” என்றான். எனக்குக் கால் சோர்ந்துவிட்டது.

நேரே கடைக்குப் போனேன். ஆள் இந்தியாவுக்கும் போகவில்லை, ஒரு இடத்துக்கும் போகவில்லை, கல்லாவில்தான் இருந்தார். வாங்கோ தங்கச்சி என்று பிளேன்ரீ எடுப்பித்தார். நான் அந்தக் கதிரையில் இருக்கும்போதே மூட்டை தூக்குகிற நாட்டாமை ஒருவர் உள்ளே இருந்து செத்தல் மூட்டைகளை முதுகில் தூக்கி வந்து கைவண்டியில் அடுக்கினார். எனக்குத் தும்மல் வந்தது, அவ்வளவு புதுச் சாமான். இது என்ன அண்ணை என்று கேட்டேன். “அது வேற ஆக்களின்ர, காசு கட்டின ஓடர்.” என்னுடையதும் காசு கட்டின ஓடர்தானே அண்ணை, 4 லட்சத்து 85 ஆயிரம் கட்டியிருக்கிறேனே என்றேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனவர், நான் எழும்பிப் போகும் வரை வரவில்லை.

அந்தச் சீசன் எனக்கு அப்படியே கையை விட்டுப் போனது. வாக்குக் கொடுத்தவர்களுக்குத் தூள் கொடுக்க வேண்டும் என்று காப்புச் சோடியை அடகு வைத்து, வேறு கடையில் கூடின விலைக்குக் கொஞ்சம் எடுத்தேன். அது பாதிப் பேருக்குத்தான் கண்டது. மிச்சப் பேர் வெறுங்கையோடு பிளேன் ஏறினார்கள். அவர்கள் அடுத்த வருடம் என்னிடம் வருவார்களோ தெரியாது. வறுக்கிற அக்காமாருக்கு ஓகஸ்டில் அரைவாசி நாள் வேலை இல்லை. அதில் ஒருவரின் மகன் உயர்தரம் படிக்கிறான், டியூசன் காசு கட்ட அவ பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். 485,000 ரூபாய் என்று ஒரு இலக்கமாகச் சொன்னால் இதெல்லாம் தெரியாது.

பொலிசுக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் செக் தந்தார். முழுத் தொகைக்கும் எழுதி, ஓகஸ்ட் கடைசித் திகதி போட்டு, “இதை வச்சுக்கொள்ளுங்கோ, பொலிஸ் கிலிஸ் எண்டு போனால் காசு இன்னும் பிந்தும்” என்றார். அந்தச் செக்தான் நேற்றுத் திரும்பியது. கூப்பிட்டேன், என் இலக்கத்தை புளொக் பண்ணியிருக்கிறார்.

பொலிசில் முதலில், இது சிவில் விசயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். குரல் பதிவு, வங்கிச் சிட்டை, பழைய சுங்கப் பத்திரத்தின் படம், திரும்பிய செக் எல்லாவற்றையும் மேசையில் வைத்த பிறகுதான் வாக்குமூலம் எழுதினார்கள். சட்டத்தரணி சொன்னது: ஏமாற்றுகிற எண்ணத்தோடு காசு வாங்கினார் என்று காட்ட முடிந்தால் தண்டனைச் சட்டக்கோவையில் அது குற்றம், வெறும் கடன் பிணக்கு என்று தள்ள முடியாது. கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுகிறதும், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி சிறை வரைக்கும் போகக்கூடிய குற்றம். அந்தக் கணக்கை அவர் எப்போது மூடினார் என்பதைத்தான் இப்போது எடுக்க வேண்டும்.

விளக்கமாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன், நேரம் இல்லை, திரும்பவும் பொலிசுக்கு ஓட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், காசு போகிற வழியை அவர் மாற்றினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். சாமானுக்குப் பிறகு காசு என்றிருந்தது முன்காசாக மாறினால், கம்பனிக் கணக்கு மனிசியின் கணக்காக மாறினால், போட வேண்டாம். ஒன்லைனில் போட்ட காசை வாங்கினவர் சம்மதிக்காமல் திருப்பி எடுக்க முடியாது என்று என் வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

கண்டெய்னர் என்று கதை சொன்னால் கஸ்டெக்கின் முழுப் பிரதியைக் கேளுங்கள். திகதியையும் இறக்குமதியாளரின் பெயரையும் வார்ஃப் வேலை தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள்.

வீட்டுப் பாவனைக்கு வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் கூப்பிடலாம். ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நாளைக்கு, அடுத்த கிழமை என்று இழுக்கிறவர்கள் இந்த நாட்களைத்தான் தின்கிறார்கள். என்னுடைய ஆள் ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை இழுத்தது எதற்கு என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

பொலிசில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். என்னுடையதில் 485,000 என்பதற்கு 85,000 என்று எழுதியிருந்தது. கேட்டுத் திருத்திய பிறகுதான் வைத்தேன்.

நீலக் கதிரை மூலையில் நிற்கிற அந்த மூட்டைப் படம் உங்கள் யாருக்காவது வந்திருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கொட்டாஞ்சேனைக்காரரும் நானும் புதன்கிழமை சட்டத்தரணியிடம் போகிறோம். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரே முறைப்பாடாகப் போடலாம் என்கிறார். வரும்போது வங்கிச் சிட்டையையும் அந்தக் கடைக்காரருடைய மெசேஜ்களையும் கொண்டுவாருங்கள்.