நகர மையத்து இரவு உறங்குமிடம் ஒன்றில் ஐந்து மாதங்கள்

என் சித்தப்பா சென்ற ஆண்டு ஐந்து மாதங்கள் சிங்கப்பூரில் இரவு உறங்குமிடம் ஒன்றில் தங்கியிருந்தார். சமய அமைப்பொன்று தன் கட்டடத்தின் கூடத்தை வீடற்றோர் படுப்பதற்காக இரவுதோறும் திறந்துவிடுகிறது. அவரைப் பார்க்கப் போகத் தொடங்கி, பின்னர் வெள்ளிக்கிழமை இரவுகளில் தொண்டூழியராகவும் அங்கே இருந்திருக்கிறேன். தங்குவோரை நினைத்து இடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கூடத்தில் ஏறத்தாழ இருபது மெத்தைகள், ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு விரிக்கப்பட்டிருக்கும். விரிப்புகளை வாரந்தோறும் துவைத்துக் கொடுக்கிறார்கள். குளியலறை சுத்தமாக இருக்கிறது. சுவரோரம் கைப்பேசிக்கு மின்னூட்டும் இணைப்புகள் வரிசையாக உள்ளன. வேலைக்கு அழைக்கும் மேற்பார்வையாளரும் சமூக சேவை ஊழியரும் அந்தக் கைப்பேசி வழியாகத்தான் ஒருவரைப் பிடிக்க முடியும் என்பதால், இதை நான் பெரிய வசதியாகவே மதிக்கிறேன்.

முதல் இரவு சித்தப்பா காலணியைக் கழற்றாமலே படுத்தார். துணிப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பியபடி, "இங்க யாரும் வந்து எழுப்ப மாட்டாங்களேப்பா?" என்று கேட்டார். மணவிலக்குக்குப் பிறகு வீட்டை விற்று, நண்பர்கள் வீடுகளில் ஒண்டியிருந்து, கடைசியில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஏழு மாதம் படுத்திருந்தவர் அவர். யாராவது புகார் கொடுத்தால் தம்மை ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. கூடத்து ஊழியர்கள் முதல் நாளே குடும்பக் கதையைத் துருவவில்லை. பெயரைக் கேட்டார்கள், மெத்தையைக் காட்டினார்கள். மூன்றாம் வாரம் போனபோது, அவருடைய காலணிகள் கால்மாட்டில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்து நான் அடைந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு வெளியில் உறங்குவோருக்கு உதவும் அமைப்புகளை இணைத்து 2019-இல் தொடங்கிய பங்காளிகள் கட்டமைப்பின் ஆதரவில் இத்தகைய இடங்கள் இயங்குகின்றன. 2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்து, எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, வீடே இல்லாதவர்களுக்காகப் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்தன. லீ குவான் யூ பொதுக்கொள்கைப் பள்ளி ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பில் 2019-இல் வெளியில் உறங்கியோர் 921 முதல் 1,050 பேர் வரை இருந்தனர். 2021-இல் அது 616 ஆகக் குறைந்தது. ஆனால் அதே 2021-இல் தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர் இருந்தனர். இரண்டையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை அதிகம் மாறவில்லை என்பது தெரியும். பலர் தெருவிலிருந்து கூடத்துக்கு வந்திருக்கிறார்களே தவிர, கூடத்திலிருந்து வீட்டுக்குப் போவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அமைச்சின் 2022 கணக்கெடுப்பில் 530 பேர் வெளியில் உறங்கினர்.

இந்தச் சேவையில் நான் காணும் பெரிய குறை அதன் நேரம். கதவு இரவு ஒன்பது மணிக்குத் திறக்கிறது, காலை ஏழு மணிக்கு மூடுகிறது. 2019 ஆய்வில் பேட்டி காணப்பட்டோரில் பத்தில் ஆறு பேர் வேலை செய்பவர்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற வேலைகள் பொழுதடைந்த பிறகும் நடப்பவை. சித்தப்பா வாரத்தில் நான்கு இரவுகள் அலுவலகக் கட்டடம் ஒன்றைத் துப்புரவு செய்கிறார். வேலை முடிந்து அவர் வரும் நேரத்தில் மெத்தைகள் மடித்து அடுக்கப்பட்டிருக்கும். பகல் முழுவதும் நூலக நாற்காலியிலும் உணவங்காடி நிலையத்திலும் தலை சாய்ந்து கிடப்பார். வாரத்தில் நான்கு நாள் வராதவருக்கு இடத்தை வைத்திருப்பது கடினம் என்று ஒருமுறை சொல்லியும்விட்டார்கள். காத்திருப்போர் இருப்பதால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் உழைத்துச் சாப்பிடும் மனிதர் அந்த உழைப்பின் காரணமாகவே படுக்கையை இழக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் ஓரத்தில் திரையிட்டு நான்கு மெத்தைகளைப் பகலிலும் விட்டுவைத்தால்கூடப் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெட்டகங்கள் சிறியவை, ஒரு தோள்பையே சிரமப்பட்டுத்தான் நுழையும். உணவைப் பற்றிக் குறையில்லை.

கூடத்துக்கு வாரந்தோறும் வந்த சமூக சேவை ஊழியரின் உதவியால்தான் சித்தப்பா வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தார். முதன்முறை வாடகைக்கு எடுப்போரில் வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. தனியாட்கள் இருவர் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறிமுகமில்லாதவருடன் ஒத்துப்போகாமல் மீண்டும் கீழ்த்தளத்துக்கே வந்து படுத்தவர்களையும் கூடத்தில் சந்தித்தேன். 2021 இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் துணையைத் தேடித்தரும் பொறுப்பை அந்த வீடுகளை நடத்தும் அமைப்பே ஏற்றுக்கொள்கிறது, வீட்டுக்குள் தடுப்பும் அமைத்துத் தருகிறார்கள். சித்தப்பாவுக்கு அந்த வழியில்தான் வீடு கிடைத்தது. காலை எட்டு மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மதியம் வரை உறங்குகிறார்.

பகலில் வேலை செய்பவர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வெளியில் படுத்திருந்தால், அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000-ஐ அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கு அவருடன் நீங்களும் போகலாம். அவர் இரவு வேலை செய்பவரானால், பகலில் படுக்க இடமுள்ள தங்குமிடம் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.