பறையடிக்கும் பிள்ளைக்கு எந்த உதவி பொருந்தும்?

சேமிப்போ சொத்தோ இல்லாத வீட்டிலிருந்து வரும் இளம் பறைக் கலைஞரோ கூத்துக் கலைஞரோ உதவிக்கு விண்ணப்பிக்கும்போது, எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு முன்னால் எப்போது கைக்கு வரும் என்று கேட்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழா வருமானம் உண்டு. மழைக்காலத்தில்தான் கை காயும்.

தொகையில் கண்ணை இழுப்பது மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. அந்த அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பண்பாட்டு வள, பயிற்சி மையமான சிசிஆர்டி (CCRT) வழியாக, 18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு மாதம் ரூ.5,000 வீதம் 2 ஆண்டுகள், ஆக மொத்தம் ரூ.1,20,000. ஆனால் இது மாதச் சம்பளம் போல வராது. ஆறு மாதத்துக்கு ஒன்றாக 4 தவணை, தவணைக்கு ரூ.30,000. முன்னேற்ற அறிக்கை தாமதமானால் அடுத்த தவணையும் நிற்கும். தவணையை நம்பி வட்டிக்கு வாங்கக் கூடாது.

நாட்டுப்புறக் கலைக்கு இதில் தனிப்பிரிவு உண்டு. இடறுவது 5 ஆண்டுப் பயிற்சிக்கான சான்றில். கர்னாடக இசை மாணவருக்குப் பள்ளிச் சான்றிதழ் கையில் இருக்கும். பெரியப்பாவோடு ஊர் ஊராகப் போய்ப் பறை கற்றவருக்கு எதுவும் இருக்காது. திறமை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை, காகிதம்தான் இல்லை. எனவே குருவின் கடிதத்தில் 'நன்றாக வாசிப்பார்' என்று எழுதினால் போதாது. எந்த ஆண்டிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த அடிகள் (தாள வகைகள்) என்று எழுதி வாங்குங்கள். திருவிழா நோட்டீஸ்களில் குழுவின் பெயர் இருந்தால் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாகக் கிடைப்பது ரூ.10,000, ஒரே தடவை, கருவியும் ஆடை அணிகலனும் வாங்க. சிறிய தொகைதான், ஆனால் சரியான இடத்தில் விழும். மாட்டுத்தோல் பறை மழையில் தளர்ந்து போகும். தீயில் காய்ச்சினால்தான் ஒலி திரும்பும். மேடை நிகழ்ச்சிக்கு ஃபைபர் பறை ஒன்று கூடுதலாக இருந்தால் மழைக்கால அழைப்பை மறுக்க வேண்டாம். இந்த ரூ.10,000 பெற நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டை தேவை. அதை இன்றே எடுத்து வைப்பது நல்லது. அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கடைசி நாள் கடந்துவிடும்.

பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தருவது வேறு வகை. பிழைப்புச் செலவைப் பார்த்துத் தருவதல்ல, ஒரு திட்டத்துக்கான மானியம். தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்பது பெரிய வசதி. 'பறையை வளர்க்க' என்று எழுதினால் நகராது. ஒரு வட்டாரத்தின் சாவு மேள அடிகளை மூத்தவர்களிடமிருந்து பதிவு செய்வது போல எல்லை தெரிய வேண்டும். உங்கள் உழைப்புக்கான ஊதியத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களே அதிகம். பில் வாங்கி வைக்கும் பழக்கம் இல்லாதவர் கணக்கு காட்டும்போது திணறுவார்.

25 வயதுக்குள் இருப்பவர் முதலில் வாரிய அட்டை, பிறகு சிசிஆர்டி என்ற வரிசையில் போகலாம். வயது தாண்டியவருக்கு, கையில் தெளிவான திட்டம் இருந்தால், பெங்களூர் மானியம்தான்.

விண்ணப்பத்தோடு வீடியோ கேட்டால் போனை 15 அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் தடித்த அடிக்குச்சியின் ஒலி மைக்கில் பிளந்து, மெல்லிய சிண்டுக்குச்சியின் நுணுக்கம் கேட்கவே கேட்காது. ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா, ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்காமல் இருக்கிறதா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் பார்த்துவிடுங்கள்.